புதிய சாதனம், பழைய பெயர்

கடைக்குச் சென்று மாங்காய் வாங்கி வரச் சொன்னால், நாம் மாம்பழத்தை வாங்கி வருவதில்லை. இரண்டு சொற்களிலும் 'மா' இருக்கிறது. ஆகவே, இரண்டும் ஒரே மரத்தில் விளைந்தவை என்பது நமக்குப் புரிகிறது. 'காய்', 'பழம்' என்னும் பகுதிகளோ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிவிடுகின்றன. நல்ல பெயர் இவ்விரண்டு வேலைகளையும் செய்யும். உறவையும் உணர்த்தும், வேறுபாட்டையும் உணர்த்தும்.

ஒரு நிறுவனம் தான் தயாரிக்கும் பொருளுக்குச் சூட்டும் பெயரை வணிகப் பெயர் என்கிறோம். பொருளைப் பார்ப்பதற்கு முன்பே அதன் பெயரைத்தான் மக்கள் கேள்விப்படுகிறார்கள். அந்தப் பெயரைக் கொண்டே அப்பொருள் எப்படிப்பட்டது என்று மனத்தில் ஓர் எண்ணத்தை உருவாக்கிக்கொள்கிறார்கள். பெயர் உறவை மட்டும் உணர்த்தி, வேறுபாட்டை உணர்த்தத் தவறினால் என்ன நடக்கும்? ஜப்பானின் கியோட்டோ நகரில் தலைமையகத்தைக் கொண்டுள்ள நிண்டெண்டோ நிறுவனத்தின் அனுபவம் இக்கேள்விக்கு நல்ல விடை தருகிறது.

வெற்றி பெற்ற பெயர்

2006ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நிண்டெண்டோ ஒரு புதிய காணொளி விளையாட்டுச் சாதனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'வீ'. ஆங்கிலத்தில் இந்த ஒலி 'நாம்' என்று பொருள்படும். குடும்பத்தினர் அனைவரும் சேர்ந்து விளையாடும் சாதனம் என்பதை உணர்த்தவே இப்பெயரைத் தேர்ந்தெடுத்ததாக நிறுவனம் விளக்கியது. ஆங்கிலத்தில் அப்பெயரை எழுதும்போது இறுதியில் வரும் இரண்டு எழுத்துகள், இருவர் அருகருகே நிற்பதைப் போலத் தோன்றும்.

இப்பெயர் அறிவிக்கப்பட்டபோது பலர் அதைக் கேலி செய்தனர். ஆனால், சாதனம் விற்பனைக்கு வந்த பிறகு அந்தக் கேலி அடங்கிப்போனது. தொலைக்காட்சியின் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியைப் போன்ற ஒரு சிறிய கருவியைக் கையில் பிடித்து வீசினால், திரையில் பந்து பறந்தது. டென்னிஸ் விளையாட விரும்பியவர் டென்னிஸ் மட்டையை வீசுவதைப் போலவே கையை வீசினார். பொத்தான்களைப் பார்த்து மிரண்டவர்கள்கூட எளிதாக விளையாடினார்கள். சிறுவர்கள், பெற்றோர், முதியோர் என எல்லா வயதினரும் அதை விரும்பினர். உலகெங்கும் 101 மில்லியனுக்கும் மேற்பட்ட 'வீ' சாதனங்கள் விற்பனையாயின. பொருள் சிறப்பாக இருந்தால், விசித்திரமான பெயரையும் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கு இது சான்றாகும்.

ஒரே பெயர், பல பொருள்கள்

'வீ' என்ற பெயருக்கு மதிப்புக் கூடியதும், நிண்டெண்டோ அதைப் பல பொருள்களுக்குச் சூட்டியது. கையில் பிடிக்கும் கருவி 'வீ ரிமோட்' ஆயிற்று. ஏறி நின்று உடற்பயிற்சி செய்யும் பலகை 'வீ பேலன்ஸ் போர்டு' ஆயிற்று. கார் பந்தய விளையாட்டுக்கான திசைமாற்றிச் சக்கரம் 'வீ வீல்' ஆயிற்று. 'வீ ஸ்போர்ட்ஸ்', 'வீ ஃபிட்', 'வீ பார்ட்டி' என்று விளையாட்டுகளின் பெயர்களும் அவ்வாறே அமைந்தன.

இதில் அப்போது எவ்விதச் சிக்கலும் தோன்றவில்லை. எனினும், மக்கள் மனத்தில் ஒரு பழக்கம் மெல்ல மெல்லப் பதிந்தது. 'வீ' என்ற சொல்லுடன் இன்னொரு சொல் சேர்ந்து வந்தால், அது வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 'வீ' சாதனத்தோடு பயன்படுத்த வேண்டிய துணைப்பொருள் என்று அவர்கள் பழகிக்கொண்டார்கள். இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியது நிண்டெண்டோவேதான். பின்னர், அதுவே அந்நிறுவனத்தின் அடுத்த சாதனத்துக்குத் தடையாக வந்து நின்றது.

'வீ யூ' அறிமுகம்

2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடைபெற்ற ஈ3 கண்காட்சியில், நிண்டெண்டோ தன் அடுத்த தலைமுறைச் சாதனத்தை அறிமுகப்படுத்தியது. அதற்கு 'வீ யூ' என்று பெயரிட்டது. 'யூ' என்றால் ஆங்கிலத்தில் 'நீ' என்று பொருள். 'நாம்' என்பதோடு 'நீ' என்பதும் சேர்ந்து, குடும்பத்துக்கும் தனி ஒருவருக்கும் ஏற்ற சாதனம் என்ற கருத்தைப் பெயர் தர வேண்டும் என்பதே நிறுவனத்தின் நோக்கம். கருத்து நல்லதுதான். ஆனால், அறிமுகம் செய்தவர்கள் விளக்கிச் சொன்னால்தான் அக்கருத்து விளங்கும். கடையின் அடுக்கில் இருக்கும் பெட்டி தானாக எழுந்து வந்து விளக்கம் சொல்லாது.

'வீ யூ' உண்மையில் முற்றிலும் புதிய சாதனம். அதன் கைக்கருவியில் 6.2 அங்குலத் தொடுதிரை இருந்தது. தொலைக்காட்சியில் ஒரு காட்சியும் கையில் உள்ள திரையில் வேறொரு காட்சியும் தெரியும்படி விளையாடலாம். இந்தப் புதுமையைக் காட்டவே அறிமுக நிகழ்ச்சியின் பெரும்பகுதி செலவிடப்பட்டது. தொலைக்காட்சியின் அருகில் வைக்க வேண்டிய முதன்மைச் சாதனம் பார்வையாளர்களின் கவனத்தைப் பெறவில்லை. அதன் உருவமும் பழைய 'வீ' சாதனத்தை ஒத்த சிறிய பெட்டியாகவே இருந்தது. இதனால், நிகழ்ச்சியைப் பார்த்த பலர், பழைய 'வீ' சாதனத்துக்கு ஒரு புதிய கைக்கருவி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டனர். கைக்கருவிக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் தந்துவிட்டதாகவும், புதிய சாதனத்தின் படத்தைத் தெளிவாகக் காட்டியிருக்க வேண்டும் என்றும் நிண்டெண்டோவின் அப்போதைய தலைவர் சடோரு இவாட்டா பின்னர் ஒப்புக்கொண்டார்.

ஆயினும், பெயர் மாற்றப்படவில்லை. 2012ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் 'வீ யூ' அதே பெயருடன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது.

கடையில் நிற்கும் ஒரு தாய்

காணொளி விளையாட்டுகளைப் பற்றி அதிகம் அறியாத ஒரு தாயைக் கற்பனை செய்து பாருங்கள். மகனின் பிறந்தநாளுக்குப் பரிசு வாங்க அவர் கடைக்கு வருகிறார். வீட்டில் ஏற்கெனவே 'வீ' இருக்கிறது. கடையில் 'வீ யூ' என்று எழுதிய பெட்டியைப் பார்க்கிறார். பெட்டியின் மேல் திரையுடன் கூடிய கைக்கருவியின் படம் இருக்கிறது. விலையோ 300 அமெரிக்க வெள்ளி. 'நம்மிடம்தான் 'வீ' இருக்கிறதே! ஒரு கைக்கருவிக்காக இவ்வளவு பணம் கொடுப்பதா?' என்று எண்ணி, அவர் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுகிறார்.

அடுத்து, விளையாட்டு வட்டுகள் இருக்கும் பகுதிக்குச் செல்கிறார். 'நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் வீ' என்ற வட்டும் 'நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் யூ' என்ற வட்டும் அங்கே இருக்கின்றன. முதலாவது 2009ஆம் ஆண்டில் பழைய சாதனத்துக்காக வந்தது. இரண்டாவது 2012ஆம் ஆண்டில் புதிய சாதனத்துக்காக வந்தது. பழைய வட்டைப் புதிய சாதனத்தில் பயன்படுத்தலாம்; புதிய வட்டைப் பழைய சாதனத்தில் பயன்படுத்த முடியாது. ஓர் எழுத்து தரும் வேறுபாட்டை வைத்துக்கொண்டு அந்தத் தாய் இதையெல்லாம் எப்படி அறிவார்?

இந்தத் தாய் கற்பனைப் பாத்திரம். ஆனால், அவரைப் போன்று குழம்பியவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். 2013ஆம் ஆண்டில் முதலீட்டாளர்களிடம் பேசியபோது இவாட்டா இதைக் குறிப்பிட்டார். சிலர் 'வீ யூ' என்பது கைத்திரை சேர்க்கப்பட்ட 'வீ' என்றே எண்ணுகிறார்கள் என்றும், வேறு சிலர் அதன் கைக்கருவியைப் பழைய சாதனத்தோடு இணைக்கும் துணைக்கருவியாகவே கருதுகிறார்கள் என்றும் அவர் கூறினார். விற்பனைக்கு வந்து பல மாதங்கள் ஆன பிறகும் இதுதான் நிலை.

குழப்பத்தின் விலை

மக்கள் மனத்தில் ஒரு பொருளைப் பற்றி முதலில் பதியும் எண்ணத்தை மாற்றுவது கடினம். துணைக்கருவி என்று நினைத்தவர்கள் 'வீ யூ' பற்றிய விளம்பரங்களை ஊன்றிக் கவனிக்கவில்லை. வாங்குவோர் குறைந்ததால், மற்ற நிறுவனங்கள் அந்தச் சாதனத்துக்காக விளையாட்டுகளை உருவாக்கத் தயங்கின. விளையாட்டுகள் குறைந்ததால், வாங்குவோர் மேலும் குறைந்தனர். இவ்வாறு ஒரு சிக்கல் இன்னொரு சிக்கலை வளர்த்தது.

2014 மார்ச் மாதத்துடன் முடிவடையும் நிதியாண்டில் 9 மில்லியன் 'வீ யூ' சாதனங்களை விற்கலாம் என்று நிண்டெண்டோ முதலில் கணித்திருந்தது. 2014 ஜனவரியில் அக்கணிப்பை 2.8 மில்லியனாகக் குறைக்க நேர்ந்தது. அந்த ஆண்டும் சேர்ந்து, தொடர்ந்து மூன்று நிதியாண்டுகளாக நிறுவனத்தின் தொழில் நட்டத்தில் நடந்தது. இவாட்டா பொறுப்பேற்று, ஐந்து மாதங்களுக்குத் தம் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார்.

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'வீ யூ' சாதனத்தின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. மொத்தம் விற்பனையானவை ஏறத்தாழ 13.5 மில்லியன் மட்டுமே. முந்தைய சாதனம் ஏறத்தாழ பதினைந்து விற்பனையான இடத்தில், இது இரண்டுதான் விற்பனையானது. பல ஆண்டுகள் உழைத்து அச்சாதனத்தை உருவாக்கிய பொறியாளர்களையும் அதற்கான விளையாட்டுகளை வடிவமைத்த கலைஞர்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்களின் திறமையை மறுத்து மக்கள் ஒதுங்கவில்லை. அவர்கள் படைத்தது என்ன என்பதே பலரைச் சென்று சேரவில்லை.

பெயர் மட்டுமே காரணமா?

ஒரு தோல்விக்கு ஒரே காரணத்தைக் காட்டுவது எளிது. ஆனால், அது எப்போதும் சரியாக இருக்காது. 'வீ யூ' வெளிவந்த தொடக்க மாதங்களில் புதிய விளையாட்டுகள் போதிய அளவு வரவில்லை. 2013 நவம்பரில் அதைவிட ஆற்றல்மிக்க பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய சாதனங்கள் சந்தைக்கு வந்தன. கைத்தொலைபேசியிலும் பலகைக் கணினியிலும் விளையாடும் பழக்கமும் அப்போது வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது. இவையும் விற்பனையைப் பாதித்தன.

அதே நிறுவனத்தின் மற்றொரு சாதனத்தையும் இங்கு ஒப்பிடலாம். 'டிஎஸ்' என்னும் கையடக்கச் சாதனம் பெரும் வெற்றி பெற்றதைத் தொடர்ந்து, நிண்டெண்டோ 2011ஆம் ஆண்டில் '3டிஎஸ்' என்னும் புதிய சாதனத்தை வெளியிட்டது. இதுவும் பழைய பெயரோடு ஒரு சிறு மாற்றம் மட்டுமே கொண்ட பெயர்தான். தொடக்கத்தில் விற்பனை மந்தமாகவே இருந்தது. ஆனால், சில மாதங்களிலேயே அமெரிக்காவில் அதன் விலை 250 வெள்ளியிலிருந்து 170 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் சிறந்த மரியோ விளையாட்டுகளும் வெளிவந்தன. விற்பனை மீண்டெழுந்து, இறுதியில் 75 மில்லியனைக் கடந்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பெயர் ஏற்படுத்தும் குழப்பத்தை நியாயமான விலையும் நல்ல விளையாட்டுகளும் ஓரளவு ஈடுகட்டலாம். அவை உரிய நேரத்தில் கிடைக்காதபோது, குழப்பமான பெயர் பெரும் சுமையாகிவிடுகிறது.

எண்ணும் பெயரும்

பிற நிறுவனங்கள் தங்கள் சாதனங்களுக்கு எப்படிப் பெயரிட்டன என்பதையும் பார்ப்போம். சோனி நிறுவனம் 1994ஆம் ஆண்டில் ஜப்பானில் பிளேஸ்டேஷனை வெளியிட்டது. அதன் பின்னர் வந்தவற்றுக்கு 2, 3, 4, 5 என்று எண்களைச் சேர்த்தது. இப்பெயர்களில் புதுமை இல்லை. ஆயினும், எது புதியது, எது பழையது என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வேறு வழியில் சென்றது. 2001இல் எக்ஸ்பாக்ஸ், 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360, 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்று பெயரிட்டது. 'ஒன்' என்றால் ஒன்று. ஆனால், அது மூன்றாவது தலைமுறைச் சாதனம்! 2017இல் 'எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ்' வந்தது. 2020இல் 'எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்' வந்தது. இவற்றில் முந்தையது பழைய தலைமுறையைச் சேர்ந்தது; பிந்தையது புதிய தலைமுறையைச் சேர்ந்தது. பெயர்களை மட்டும் கேட்டு, இரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல உங்களால் முடிகிறதா?

தெளிவான பெயரின் ஆற்றல்

2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நிண்டெண்டோ தன் அடுத்த சாதனத்தை ஒரு சிறிய காணொளி மூலம் அறிவித்தது. இம்முறை பழைய பெயரின் சுவடே இல்லை. 'ஸ்விட்ச்' என்ற புதிய பெயரைச் சூட்டியது. ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு 'மாற்றுதல்' என்ற பொருளும் உண்டு. வீட்டில் தொலைக்காட்சியில் விளையாடிக்கொண்டிருந்த ஒருவர், சாதனத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே சென்று அதே விளையாட்டைத் தொடரும் காட்சி அக்காணொளியில் இடம்பெற்றது. பெயர் சொன்னதைக் காட்சி காட்டியது. காட்சி காட்டியதைப் பெயர் நினைவூட்டியது.

2017ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் விற்பனைக்கு வந்த 'ஸ்விட்ச்', 150 மில்லியனுக்கும் அதிகமாக விற்பனையானது. 2015ஆம் ஆண்டு ஜூலையில் மறைந்த இவாட்டா இந்த வெற்றியைக் காண உயிருடன் இல்லை.

ஒரு விளையாட்டின் கதை இங்கு நினைக்கத்தக்கது. 2014இல் 'வீ யூ' சாதனத்துக்காக 'மரியோ கார்ட் 8' என்னும் கார் பந்தய விளையாட்டு வெளிவந்தது. அது ஏறக்குறைய 8.5 மில்லியன் விற்பனையானது. அதாவது, 'வீ யூ' வைத்திருந்த பத்துப் பேரில் ஏறத்தாழ ஆறு பேர் வாங்கும் அளவுக்கு அது சிறந்த விளையாட்டு. 2017இல் அதே விளையாட்டு, சில சேர்க்கைகளுடன் 'ஸ்விட்ச்' சாதனத்துக்கு வந்தது. இம்முறை 60 மில்லியனுக்கும் அதிகமாக விற்பனையானது. விளையாட்டில் குறை இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. முன்பு அது இருந்த வீட்டின் கதவு மக்களுக்குத் தெரியவில்லை, பின்னர் தெரிந்தது.

2025ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் வெளிவந்த அடுத்த சாதனத்துக்கு நிண்டெண்டோ என்ன பெயர் சூட்டியது தெரியுமா? 'ஸ்விட்ச் 2'. முதல் நான்கு நாள்களிலேயே 3.5 மில்லியனுக்கும் மேல் விற்பனையாயிற்று. மாங்காய், மாம்பழம் என்னும் சொற்களைப் போலவே இப்பெயரும் உறவையும் வேறுபாட்டையும் ஒருங்கே சொல்கிறது.

இலக்கணம் தரும் விளக்கம்

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று தமிழ் இலக்கணம் பிரிப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். காரணம் கருதாமல் வழங்கி வரும் 'மரம்' இடுகுறிப்பெயர். பறப்பதால் பெயர் பெற்ற 'பறவை' காரணப்பெயர். செயலைச் சுட்டும் 'ஸ்விட்ச்' என்பதைக் காரணப்பெயருக்கு ஒப்பிடலாம். ஆனால், 'வீ', 'பிளேஸ்டேஷன்' ஆகியவையும் பொருளோடு அமைந்த பெயர்களே. ஆகவே, காரணம் இருப்பது மட்டும் போதாது என்பது விளங்குகிறது.

இலக்கணம் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்னும் வேறுபாட்டையும் கூறுகிறது. பலவற்றுக்குப் பொதுவாக வருவது பொதுப்பெயர். ஒன்றை மட்டும் குறிப்பது சிறப்புப்பெயர். 'மரம்' பொதுப்பெயர், 'பனை' சிறப்புப்பெயர். 'வீ' என்னும் பெயர் முதலில் ஒரு சாதனத்தின் சிறப்புப்பெயராகத் தோன்றியது. பிறகு, பல பொருள்களுக்குரிய பொதுப்பெயராக விரிந்தது. அப்படி விரிந்த பெயரையே ஒரு புதிய சாதனத்துக்கு மீண்டும் சிறப்புப்பெயராகச் சூட்டியதால்தான் குழப்பம் விளைந்தது.

நாமும் பெயரிடும் வாய்ப்புகளைப் பெறுகிறோம். பள்ளி நிகழ்ச்சி, மன்றம், செயலி, கணினிக் கோப்பு என எதற்கும் பெயர் தேவைப்படுகிறது. 'புதிய கட்டுரை', 'புதிய கட்டுரை இறுதி' என்று கோப்புகளுக்குப் பெயரிட்டு, எதை ஆசிரியருக்கு அனுப்புவது என்று தெரியாமல் திகைப்பவர்கள் உண்டு. பெயரிடுபவருக்கு அப்பொருளைப் பற்றி எல்லாம் தெரியும். பெயரைக் கேட்பவருக்கு எதுவுமே தெரியாமல் இருக்கலாம். அவருடைய இடத்தில் நின்று பார்த்துச் சூட்டும் பெயரே தெளிவான பெயராக அமையும்.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. 'வீ' என்ற பெயர் வெற்றி பெற்றது. 'வீ யூ' என்ற பெயர் குழப்பத்தை ஏற்படுத்தியது. இவ்வேறுபாட்டுக்கான காரணங்களை உன் சொந்த வாக்கியங்களில் விளக்குக.

2. 'வீ யூ' தோல்வியடைந்ததற்குப் பெயர் மட்டுமே காரணம் என்ற கருத்தை நீ ஏற்கிறாயா? பகுதியிலிருந்து இரண்டு சான்றுகள் தந்து உன் கருத்தை நிறுவுக.

3. 'முன்பு அது இருந்த வீட்டின் கதவு மக்களுக்குத் தெரியவில்லை' என்னும் தொடர் எதை உணர்த்துகிறது?

4. நீ அறிந்த மூன்று வணிகப் பெயர்களைத் தேர்ந்தெடு. அவை உறவையும் வேறுபாட்டையும் எந்த அளவுக்கு உணர்த்துகின்றன என்று குழுவில் கலந்துரையாடு.

5. உன் பள்ளியின் தமிழ் மன்றம் மாணவர்களுக்காக ஒரு புதிய செயலியை உருவாக்குகிறது என்று வைத்துக்கொள். அதற்கு ஒரு பெயரைப் பரிந்துரைத்து, அப்பெயர் ஏன் பொருத்தமானது என்று ஒரு பத்தியில் எழுதுக.